அருந்ததியை வைத்து வானத்தைக் கணக்குப் போடலாமா?

தமிழில் வானியல் எழுதும் நண்பர்களுக்கும், மாணவர்களுக்குக் கையேடு தயாரிக்கும் ஆசிரியர்களுக்கும்,

வணக்கம். ஏப்ரல் மாதத்தில் ஒரு ராத்திரி, எங்கள் மொட்டை மாடியில் தெருப் பிள்ளைகளை வரிசையாக நிற்கவைத்து, சப்தரிஷி மண்டலத்தின் வசிஷ்டரைத் தொலைநோக்கியில் காட்டிக்கொண்டிருந்தேன். கண்ணுக்கு ஒற்றைப் புள்ளியாகத் தெரிந்தவர் உள்ளே இரண்டாகப் பிரிந்து நின்றதும் ஒரே கூச்சல். "வானத்துல பாதிக்கு மேல இப்படி ஜோடிதான்" என்று நானும் பெரிய மனுஷத்தனமாகச் சொல்லிவைத்தேன். ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி கண்ணை எடுக்காமலே கேட்டாள்: "அப்போ நம்ம சூரியனோட ஜோடி எங்க மாமா?"

"சூரியன் ஒரு விதிவிலக்கும்மா" என்றேன். தப்பான பதில். 'பாதிக்கு மேல் ஜோடி' என்று நான் ஒப்பித்த அந்த வரி, வசிஷ்டரையும் அவர் பக்கத்தில் மங்கலாகத் தெரியும் அருந்ததியையும் உதாரணம் காட்டி, தமிழ்க் கட்டுரைகளில் காலங்காலமாகக் கைமாறி வருவது. அதைப் பற்றித்தான் இந்த மடல்.

கண்ணுக்குத் தெரியும் விண்மீன்களை மட்டும் எண்ணினால் அந்த வரி அவ்வளவு பிசகில்லை. பளிச்சென்று தெரிபவை பெரும்பாலும் கனமானவை; கனமானவை தனியாக இருப்பது அரிது. ஆனால் விண்மீன்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு சிவப்புக் குறுமீன்கள். சின்னவை, சூடு குறைந்தவை. அவற்றில் ஒன்றைக்கூட நம் மாடியிலிருந்து வெறுங்கண்ணால் பார்க்க முடியாது. நமக்கு மிக அருகில், 4.24 ஒளியாண்டில் இருக்கும் பிராக்சிமா செண்டாரி என்ற குறுமீனே 1915-இல்தான் அகப்பட்டது. கல்யாண மண்டபத்தின் முதல் வரிசையை எண்ணிவிட்டு ஊர்க்கணக்குச் சொல்வதுபோல்தான் நாம் எழுதிவந்திருக்கிறோம்.

அந்தக் கூட்டத்தையும் எண்ணியிருக்கிறார்கள். வானியலாளர் ஜெனிஃபர் விண்டர்ஸ் குழு 2019-இல் வெளியிட்ட ஆய்வில், சுமார் 80 ஒளியாண்டுக்குள், குடும்பத்தின் (ஒற்றை விண்மீனோ, சேர்ந்து சுற்றும் சிலவோ, எதுவும் ஒரு குடும்பம்தான்) தலைமை விண்மீனே, அதாவது அதில் பெரியதே, சிவப்புக் குறுமீனாக இருக்கும் 1,120 இடங்களைப் பார்த்தார்கள். துணை விண்மீன் இருந்தது 100-க்கு சுமார் 27-இல்தான். சூரியனை ஒத்த 454 விண்மீன்களைப் பார்த்த 2010-ஆம் ஆண்டு ஆய்விலோ இது 44. அங்கேயும் தனித்தவையே அதிகம் என்பதைக் கவனியுங்கள். சிறியவைதான் எண்ணிக்கையில் மிகுதி, சிறியவற்றுக்குத்தான் துணை குறைவு. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்து, நம் பால்வீதியில் மூன்றில் இரண்டு பங்கு குடும்பங்கள் ஒற்றை விண்மீன்தான் என்று 2006-லேயே வானியலாளர் சார்ல்ஸ் லாடா எழுதிவிட்டார். ஆக, சூரியன் விதிவிலக்கே இல்லை.

குறுமீன்களுக்கு ஜோடியே கிடையாது என்று மறுகோடிக்கும் போய்விடாதீர்கள். க்ரூகர் 60 என்ற பெயரில் இரண்டு குறுமீன்கள் சுமார் 45 ஆண்டுக்கு ஒருமுறை ஒன்றையொன்று சுற்றிவருகின்றன. பிராக்சிமாவும் ஆல்ஃபா செண்டாரி என்ற பெரிய விண்மீன் ஜோடியைச் சுற்றுகிறது. ஒரு சுற்றுக்கு ஐந்து லட்சம் ஆண்டுக்கு மேல். ஆனால் பிராக்சிமா, பெரியவர்கள் வீட்டோடு ஒட்டிக்கொண்ட பிள்ளை; மேலே சொன்ன 27-இல் சேராது.

அருந்ததியை உதாரணம் காட்டுவதை நிறுத்தச் சொல்லவில்லை. சொல்வதை முழுதாகச் சொல்லுங்கள். அருந்ததிக்கே ஒரு துணை உண்டு, 2009-இல் தெரியவந்தது. அதுவும் ஒரு சிவப்புக் குறுமீன்! அருந்ததியின் வெளிச்சத்தில் மூழ்கிக் கிடந்ததால் அதுவரை யார் கண்ணிலும் படவில்லை. தொலைநோக்கியில் தெரிந்த இரண்டும் தனித்தனியே ஜோடிகள் என்பதால் வசிஷ்டர் பக்கம் நான்கு, இந்தப் பக்கம் இரண்டு. இந்த ஆறு பேரைக் காட்டிவிட்டு, "பிரகாசமானவற்றில்தான் இப்படி, மங்கலான சிறு விண்மீன்களில் நான்கில் ஒன்றுக்குத்தான் துணை" என்று ஒரு வரி சேர்த்தால் போதும்.

அடுத்த பதிப்பில் சேர்ப்பீர்களா? அந்தப் பெண்ணிடம் நான் போய்த் திருத்திச் சொல்லிவிட்டேன். "அன்னைக்கே சந்தேகமாத்தான் இருந்துச்சு மாமா" என்றாள்.

அன்புடன்,
ஒரு மொட்டை மாடி வான்நோக்கி