ஐந்து வயதுக்குக் கீழே இருப்பவர்களும் படகில்தான் வருகிறார்கள்: படகு இல்லங்களை நடத்துபவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம். கொடைக்கானல், ஊட்டி, ஏற்காடு என்று நம் மலைகளில் ஏரி இருக்கிற இடங்களில் படகு இல்லங்களையும் ஏரிக்கரைகளையும் பார்த்துக்கொள்ளும் உங்கள் எல்லோருக்கும் பொதுவாகவே இதை எழுதுகிறேன். எந்த ஏரி, எந்தப் படகுத்துறை என்று சொல்லப் போவதில்லை. சொன்னால் அன்று துறையில் நின்ற ஒப்பந்தப் பணியாளர் மீது நடவடிக்கை பாயும், அதோடு விஷயம் முடிந்துவிடும். எனக்கு அது வேண்டாம். எனக்கு வேண்டியது, சின்னக் குழந்தைகள் உடம்புக்குப் பொருந்தும் லைஃப் ஜாக்கெட் ஒவ்வொரு படகுத்துறையிலும் இருக்க வேண்டும் என்பது.

சென்ற கோடை விடுமுறையில் நடந்தது இது. வெகுநேரம் வரிசையில் நின்று மிதி படகுக்கு டிக்கெட் வாங்கினோம். மூன்று வயது மகளுக்கும் கைக்குழந்தைக்கும் டிக்கெட் தேவையில்லை என்றார்கள். சந்தோஷம்தான். ஆனால் துறைக்கு இறங்கியதும், எத்தனை டிக்கெட்டோ அத்தனை லைஃப் ஜாக்கெட்டை எண்ணி எடுத்துக் கொடுத்தார்கள். "பிள்ளைங்களுக்கு?" என்று கேட்டேன். "சின்னப் பிள்ளைங்கதானே அக்கா, மடியில வெச்சுக்கோங்க, ஒண்ணும் ஆகாது" என்றார் அந்தத் தம்பி.

திரும்பத் திரும்பக் கேட்டபிறகு குவியலைக் கிளறி ஒன்றை எடுத்து வந்தார். இருப்பதிலேயே சின்னது அதுதான் என்றார். மகளுக்கு மாட்டிவிட்டேன். தோள்பட்டை இரண்டு பக்கமும் வழிந்து முழங்கை வரை இறங்கியது. கீழ் விளிம்பு முழங்காலைத் தொட்டது. இருந்த பக்கிள்களில் நடுவில் இருந்தது உடைந்துபோய், அந்த இடத்தில் நைலான் கயிறு ஒன்று முடிச்சுப் போட்டிருந்தது. முன்பு போட்டிருந்தவரின் ஈரம் காயாமல், அந்தக் குளிரில் பட்டதும் பிள்ளை உடம்பைக் குறுக்கிக்கொண்டாள். தோள்பட்டைகளைப் பிடித்து மேலே தூக்கிப் பார்த்தேன். ஜாக்கெட் மட்டும்தான் மேலே வந்தது. அவள் தாடையும் காதும் அதற்குள் போய் மறைந்தன. கால் இரண்டும் தரையிலேயே இருந்தன.

தண்ணீரில் விழுந்தாலும் இதேதான் நடக்கும். ஜாக்கெட் மேலே மிதக்கும், பிள்ளை அதற்குள்ளிருந்து நழுவிக் கீழே போய்விடும்.

நாங்கள் படகில் ஏறவில்லை. பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். "எங்க பசங்களும் இப்படித்தான் போனாங்க, ஒண்ணும் ஆகலையே" என்றார் ஒருவர். நாங்கள் விட்டுவந்த அதே படகில் அடுத்த குடும்பம் ஏறியது. அந்த அம்மாவின் மடியிலும் ஒரு கைக்குழந்தை இருந்தது. அதற்கும் ஜாக்கெட் இல்லை. அந்தப் படகு திரும்பி வருகிறவரை என்னால் கரையை விட்டு நகர முடியவில்லை. மகள் படகு, படகு என்று அழுதுகொண்டே இருந்தாள். அவளுக்கு நான் என்ன காரணம் சொல்வது?

மடியில் வைத்துக்கொள்ளுங்கள் என்ற அறிவுரையைத் தயவுசெய்து உங்கள் பணியாளர்களின் வாயிலிருந்து எடுத்துவிடுங்கள். மிதி படகில் பெரியவரின் கால் மிதிகட்டையில் இருக்கிறது, ஒரு கை திருப்பும் பிடியில் இருக்கிறது. மிச்சமிருக்கும் ஒரு கைதான் குழந்தைக்கு. ஊட்டி ஏறக்குறைய 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, கொடைக்கானலும் 2,000 மீட்டருக்கு மேல். அந்த உயரத்து ஏரித் தண்ணீரில் திடீரென்று விழுந்தால் பெரியவர்களுக்கே மூச்சு இழுத்துக்கொள்ளும், சில நொடிகளுக்குக் கை கால் சொன்னபடி கேட்காது. அந்த நேரத்தில் குழந்தையைப் பிடித்திருக்கிற கை நழுவினால், அதற்குத் தாயைக் குறை சொல்ல முடியாது. சின்ன உடம்பு குளிரில் சூட்டை இழப்பதும் பெரியவர்களைவிட வேகமாகத்தான்.

இன்னொன்று. இரண்டு மூன்று வயதுப் பிள்ளைக்கு உடம்போடு ஒப்பிட்டால் தலைதான் கனம். தண்ணீரில் விழுந்தால் முகம் கீழே கவிழும், தானாகத் திருப்பிக்கொள்ள அந்த வயதில் முடியாது. அதனால்தான் குழந்தைகளுக்கென்று செய்யும் ஜாக்கெட்டில் தலைக்குப் பின்னால் ஒரு மிதவைக் காலர் வைக்கிறார்கள். அது முகத்தை வானம் பார்க்கத் திருப்பி வைக்கும். ஜாக்கெட் தலைவழியே கழன்றுவிடாமல் இருக்க, கால்களுக்கு நடுவே ஒரு பட்டை உண்டு. சட்டென்று பிடித்துத் தூக்க முதுகுப்பக்கம் ஒரு கைப்பிடி உண்டு. இவற்றை வயதை வைத்துத் தேர்ந்தெடுப்பதில்லை, எடையை வைத்துத்தான். அமெரிக்காவில் ஏறக்குறைய 13 கிலோ வரை ஒரு அளவு, 13 முதல் 22 கிலோ வரை ஒரு அளவு, அதற்கு மேல் 40 கிலோ வரை இன்னொரு அளவு என்று பிரித்திருக்கிறார்கள். நான் கேட்பது யாரும் புதிதாகக் கண்டுபிடித்துத் தர வேண்டிய பொருள் அல்ல. கடையில் விற்கிற பொருள்.

இதற்கெல்லாம் பணம் ஆகும் என்பது தெரியாமல் இல்லை. ஆனால் ஒரு துறையில் ஒரே சமயத்தில் தண்ணீரில் இருக்கிற படகுகள் இத்தனைதான் என்று உங்களுக்குக் கணக்கு இருக்கிறது. அதற்குத் தகுந்தபடி சின்ன அளவுகளை வாங்கிவைப்பது ஒரு சீசனின் வசூலில் பெரிய தொகையாக இருக்க முடியாது.

உலக சுகாதார நிறுவனம் 2024 டிசம்பரில் வெளியிட்ட அறிக்கையில், 2021-இல் மட்டும் உலகம் முழுவதும் சுமார் 3 லட்சம் பேர் தண்ணீரில் மூழ்கி இறந்ததாகச் சொல்கிறது. அதில் கிட்டத்தட்ட நான்கில் ஒருவர் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தை. உங்கள் கவுண்டரில் டிக்கெட் தேவையில்லை என்று சொல்லப்படுகிறவர்கள்தான் இவர்கள். டிக்கெட் இல்லாததால் படகில் எத்தனை பேர் என்ற கணக்கில் இவர்கள் வருவதில்லை, ஜாக்கெட் கணக்கிலும் வருவதில்லை. அன்று என்னை உறுத்தியதும் இதுதான். கட்டணம் வாங்க வேண்டாம் என்று நீங்கள் காட்டிய கருணையே பிள்ளைகளைக் கணக்கிலிருந்து எடுத்துவிடுகிறது. தேவையென்றால் பிள்ளைக்கும் கட்டணம் வாங்கிக்கொள்ளுங்கள். எந்தப் பெற்றோரும் மறுக்க மாட்டார்கள். ஜாக்கெட்டைக் கொடுங்கள்.

பின்னணி உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடியில் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் போனார்கள். அதில் நம் ஊர்க்காரர்களும் இருந்தார்கள். 2023 மே 7 அன்று கேரளத்தின் தானூரில் 22 பேர், அவர்களில் பலர் குழந்தைகள். 2024 ஜனவரி 18 அன்று குஜராத்தில் வதோதராவின் ஹர்ணி ஏரியில் பள்ளிச் சுற்றுலா வந்த 12 பிள்ளைகளும் 2 ஆசிரியர்களும். அந்தப் படகில் பலர் லைஃப் ஜாக்கெட் இல்லாமலேயே இருந்தார்கள். ஹர்ணி கடல் இல்லை, ஆறு இல்லை. நகரத்துக்குள் இருக்கிற, கரையைச் சுற்றி நடந்துவரக்கூடிய ஏரி. நம் ஏரிகளும் அப்படித்தான். ஒவ்வொரு முறையும் விபத்துக்குப் பிறகு சில வாரங்கள் ஆய்வு நடக்கிறது, படகுகளை எண்ணுகிறார்கள், பலகையில் புதுப் பெயின்ட் அடிக்கிறார்கள். அப்புறம் அடுத்த சீசன் வந்துவிடுகிறது. "லைஃப் ஜாக்கெட் கட்டாயம்" என்ற பலகை நான் நின்ற துறையிலும் இருந்தது. அதற்கு நேர் கீழே நின்றுதான் அந்தத் தம்பி மடியில் வைத்துக்கொள்ளச் சொன்னார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. கையில் இல்லாததை அவர் எங்கிருந்து கொடுப்பார்? வாங்கிக் கொடுக்காதவர்கள் மீதுதான் கோபம்.

பிள்ளைகளோடு வருகிறவர்களை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை என்பது ஏரிக்கரை முழுக்கத் தெரிகிறது. டயப்பர் மாற்ற ஒரு மேடை கிடையாது. கழிப்பறைத் தரை முழுக்க ஈரம். நான் காரின் பின் இருக்கையில்தான் மாற்றினேன். பேருந்தில் வந்த குடும்பங்களுக்கு அதுவும் இல்லை, சிமென்ட் பெஞ்சில் துண்டை விரித்துப் போட்டு மாற்றிக்கொண்டிருந்தார்கள். பால் கொடுக்க மறைவான இடம் எங்கே என்று கேட்டால் ஹோட்டல் ரூமுக்குப் போகச் சொல்கிறார்கள். இதே தமிழ்நாட்டில் 2015-இலேயே பேருந்து நிலையங்களில் தாய்மார் பாலூட்டும் அறைகள் திறந்தார்கள். பேருந்துக்குக் காத்திருக்கும் தாய்க்கு முடிந்தது, ஏரியைப் பார்க்க வந்த தாய்க்கு ஏன் முடியவில்லை? கரையோரக் கம்பிவேலியில் பெரியவர்கள் சாய்ந்து நின்று படம் எடுக்க வசதி இருக்கிறது. ஆனால் கம்பிகளுக்கு நடுவே இருக்கிற இடைவெளியில் மூன்று வயதுப் பிள்ளை குனியாமலே நுழைந்து போய்விடும். குழந்தைகளுக்கான தடுப்பில் இடைவெளி 10 சென்டிமீட்டருக்கு மேல் போகக் கூடாது என்பது பல நாடுகளில் நீச்சல்குள வேலிக்கே இருக்கிற விதி. பஞ்சு மிட்டாயும் குதிரைச் சவாரியும் அந்தக் கரையிலேயே நடப்பதால் பிள்ளைகள் ஓடுவது முழுக்க அந்த வேலியோரமாகத்தான்.

சரி, எல்லாவற்றையும் ஒரே கடிதத்தில் கொட்டினால் எதுவும் நடக்காது என்று எனக்கும் தெரியும். வேலியும் அறையும் திட்ட மதிப்பீடு, ஒப்பந்தப்புள்ளி என்று நாளாகும், காத்திருக்கிறோம். ஜாக்கெட்டுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. அடுத்த சீசனுக்கு முன்னால் வாங்கி வைத்துவிடலாம்.

உங்களால் கண்டிப்பாக இருக்க முடியும் என்பதை நாங்கள் பார்த்திருக்கிறோம். மலையேறும் வண்டிகளை நிறுத்திப் பிளாஸ்டிக் பாட்டில்களை வாங்கி வைக்கிறீர்கள். அது சரியான கண்டிப்பு, நானும் மனமாரச் சம்மதித்தவள். உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்தது. எந்த வண்டி, எத்தனை பேர், எத்தனை நாள் தங்கல் என்று கேட்டுத்தான் பாஸ் கிடைக்கிறது. அந்தப் படிவத்தில் ஐந்து வயதுக்குக் கீழே எத்தனை பேர் என்று இன்னும் ஒரு வரி சேர்த்தால், எந்த வாரம் எத்தனை சின்னப் பிள்ளைகள் வருவார்கள் என்று உங்களுக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும். எத்தனை ஜாக்கெட் வேண்டும் என்று யாரும் ஊகிக்க வேண்டியிருக்காது.

ஆகவே பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். ஒவ்வொரு படகுத்துறையிலும் எடைக்குத் தகுந்த, காலரும் காலிடைப் பட்டையும் உள்ள குழந்தை லைஃப் ஜாக்கெட்டுகள் இருக்க வேண்டும். அவற்றைப் போட்டுவிட்டுத் தோளைப் பிடித்துத் தூக்கிப் பார்க்கப் பணியாளர்களுக்குக் கற்றுக்கொடுங்கள், அரை நிமிட வேலை. பக்கிள் உடைந்ததைக் கயிறு கட்டி ஓட்டாமல் தூக்கிப் போடுங்கள். டிக்கெட் உண்டோ இல்லையோ, படகில் ஏறும் ஒவ்வொரு பிள்ளையும் ஒரு ஆள் என்றே எண்ணப்பட வேண்டும். கைக்குழந்தைக்குப் பொருந்தும் அளவு உங்களிடம் இல்லையென்றால் அந்தக் குழந்தையைப் படகில் ஏற்றாதீர்கள். "இன்று ஏற்ற முடியாது, மன்னியுங்கள்" என்று நீங்களே சொல்லுங்கள். அழுகிற பிள்ளைக்கும் முணுமுணுக்கிற வரிசைக்கும் நடுவில் நின்று அந்த முடிவைத் தாய் தகப்பன் தனியாக எடுக்கும்படி விடாதீர்கள்.

அடுத்த கோடைக்கும் நாங்கள் வருவோம். மலர்க் கண்காட்சிக்கு வரும் கூட்டத்தில் பாதிப்பேர் கையில் ஒரு பிள்ளை இருக்கும். டிக்கெட் கவுண்டர் கண்ணாடியில் கட்டணப் பட்டியலுக்குப் பக்கத்தில் ஒரு தாளை ஒட்டிவையுங்கள்: எந்த எடைக்கு எத்தனை குழந்தை ஜாக்கெட் இன்று கையிருப்பில் இருக்கிறது என்று. அதைப் படித்துப் பார்த்துவிட்டு டிக்கெட் வாங்குகிறோம்.

இப்படிக்கு,
இரண்டு சின்னப் பிள்ளைகளின் தாய்