இரண்டு நாளில் யாரும் செத்துவிட மாட்டார்களாம்!

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இதழின் நடுப்பக்கக் கட்டுரையைப் படித்தேன். நாட்டில் பதற்றம் வந்தால் இணையத்தை நிறுத்த அரசாங்கம் தயங்கக்கூடாது என்று எழுதியவர், போகிற போக்கில் ஒரு வரி சேர்த்திருக்கிறார். இரண்டு நாள் இணையம் இல்லாவிட்டால் யாரும் செத்துவிட மாட்டார்களாம். மற்றதெல்லாம் அவருடைய கருத்து, சொல்லிவிட்டுப் போகட்டும். அந்த வரியை எப்படி ஐயா அச்சுக்கு விட்டீர்கள்?

நான் கொட்டாஞ்சேனையில் ஒரு கொமினிகேஷன் வைத்திருக்கிறேன். போட்டோ கொப்பி, ரீலோட், மூலையில் வெளிநாட்டுக்கு ஐடிடி பேச ஒரு பெட்டி. அந்தப் பெட்டிக்கு முன்னால் ஒரு காலத்தில் கியூ நிற்கும். வைபரும் வட்ஸ்அப்பும் வந்து அந்த வியாபாரத்தை முடித்துவிட்டன. ஆகவே இவற்றை முடக்குகிற நாளில் கொழும்பில் இலாபம் பார்க்கிற ஒன்றிரண்டு பேரில் நானும் ஒருவன். உங்கள் கட்டுரையாளருக்கு முதலில் மாலை போட வேண்டியவன் நான்தான்.

2019 உயிர்த்த ஞாயிறன்று கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் குண்டு வெடித்தது எங்கள் கடைக்குக் கேட்கிற தூரத்தில். அன்றே பேஸ்புக், வட்ஸ்அப், வைபர் எல்லாம் முடக்கம். மறுநாள் காலை ஊரடங்கு எடுபட்டதும் சனம் வந்து தட்டியதால் ஷட்டரைப் பாதி தூக்கினேன். இத்தாலி, கனடா, கட்டார் என்று எல்லோருக்கும் ஒரே செய்திதான் சொல்ல வேண்டியிருந்தது: "நாங்கள் இருக்கிறம்." ஜம்பட்டா வீதிப் பக்கம் அப்பம் சுட்டு விற்கிற ஒரு அம்மாவும் வந்தார். மகள் குவைத்தில் வீட்டு வேலை. "நம்பரைச் சொல்லுங்கம்மா" என்றேன். அவர் போனை நீட்டினார். மெசஞ்சரில் மகளின் வட்டப் படம். "இதுலதான் முதலாளி எடுப்பா" என்றார். அந்தப் பிள்ளை எசமானி வீட்டு வைபையில் பேசுவது, அதற்கென்று ஒரு நம்பரே இல்லை. என் ஐடிடிப் பெட்டி எதற்கு உதவும்? அவர் அந்தப் படத்தை அழுத்தி அழுத்திப் பார்த்தார், அது சுற்றிக்கொண்டே இருந்தது. பிறகு ஏஜன்சிக்காரன் மூலமாகச் சொல்லி அனுப்பினார்களாம். அதுவரை டீவியில் அந்தோனியார் கோயிலைப் பார்த்துக்கொண்டு அந்தப் பிள்ளை என்ன பாடு பட்டிருக்கும்? தடையை எடுத்தது ஏப்ரல் 30ஆம் திகதி. கட்டுரையாளர் சொன்னதுபோல் யாரும் சாகவில்லைதான்.

வதந்தியைத் தடுக்கத்தானே முடக்கினார்கள் என்பீர்கள். சரி, தடுபட்டதா? 2018 மார்ச் 5ஆம் திகதி கண்டிக்குப் பக்கத்தில் திகனயில் முஸ்லிம்களின் கடைகள் எரிந்தன. பேஸ்புக்கையும் வட்ஸ்அப்பையும் நிறுத்தியது 7ஆம் திகதி. 2019 மே 13ஆம் திகதி மறுபடியும் நிறுத்தினார்கள். அன்று பின்னேரமே மினுவாங்கொடையில் முஸ்லிம்களின் கடைகள் எரிந்தன. கொளுத்த வந்தவர்களுக்கு வட்ஸ்அப் தேவைப்படவில்லை. "வருகிறார்கள், வீட்டைப் பூட்டிக்கொண்டு போங்கள்" என்று சொல்ல வேண்டியவர்களுக்குத்தான் தேவைப்பட்டது. இதெல்லாம் உங்களுக்குத் தெரியாததல்ல, உங்கள் பத்திரிகையில் வந்த செய்திகள்தான்.

பேஸ்புக் கம்பனியை நல்லவன் என்று சொல்ல நான் வரவில்லை. கண்டிக் கலவரத்தில் தன் தளத்துக்கும் பங்கு இருந்ததற்காக 2020இல் அவர்களே மன்னிப்புக் கேட்டார்கள். சிங்களத்தில் எழுதப்பட்ட துவேசத்தைப் பார்த்து அகற்றப் போதிய ஆள் வைக்காமல் இங்கே காசு பார்த்தவர்கள். அவர்களைப் பிடித்துக் கேட்பதை விட்டுவிட்டு, அப்பக்கார அம்மாவின் போனை அணைப்பது என்ன நியாயம்?

அப்புறம் 2022. அது வதந்தி விவகாரமா? எரிவாயு இல்லை, பெற்றோல் இல்லை, கரண்ட் இல்லை. எந்த ஷெட்டுக்கு பவுசர் வந்தது என்பதையே சனம் வட்ஸ்அப்பில் பார்த்துத்தான் ஓடிக்கொண்டிருந்தது. ஏப்ரல் 3ஆம் திகதி ஆர்ப்பாட்டம் என்றதும், பாதுகாப்பு அமைச்சு கேட்டதற்காகத் தொலைத்தொடர்பு ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழு நள்ளிரவோடு சமூக ஊடகங்கள் எல்லாவற்றையும் முடக்கியது. தடையைத் தாண்டிப் போக வீபிஎன் இருக்கும்போது இதெல்லாம் வீண் வேலை என்று ட்விட்டரில் எழுதியவர் யார்? அன்றைக்கு அமைச்சராக இருந்த, ஜனாதிபதியின் அண்ணன் மகன் நாமல் ராஜபக்ஷவேதான். பின்னேரத்துக்குள் தடையை எடுத்தார்கள். அன்றிரவே அமைச்சர்கள் கூண்டோடு இராஜினாமா. நாட்டைக் காப்பாற்ற முடக்கினார்களா, நாற்காலியைக் காப்பாற்ற முடக்கினார்களா என்று கேட்டு நீங்களே தலையங்கம் எழுதினீர்கள். அந்தப் பேனா இப்போது எங்கே போனது?

எனக்கு இந்தக் கோபம் வட்ஸ்அப்போடு வந்ததும் அல்ல. தொண்ணூறுகளில் அம்மா யாழ்ப்பாணத்தில், நான் இங்கே. தொலைபேசி கிடையாது. கடிதம் வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை. 2006 ஆகஸ்டில் யாழ்ப்பாணத்துக்குப் போகும் ஏ9 பாதையை மூடியபோது அங்கே போனும் நின்றது. தாய்மாமன் செத்த செய்தி எட்டுச் செலவும் முடிந்த பிறகுதான் எனக்கு வந்தது. கொள்ளி வைத்தது யார் என்று நான் கேட்டறிந்தது வேறொருவர் வாயால். 2007 ஜூனில் தமிழ்நெட் என்ற செய்தித் தளத்தை முடக்கினார்கள். அந்தத் தளத்தோடு உங்களுக்கு உடன்பாடு இருந்திருக்கும், இல்லாமலும் இருந்திருக்கும். ஆனால் தளம் திறக்காதபோதுதான் தடை என்பதே சனத்துக்குத் தெரிந்தது. வடக்குக்குச் செய்து பழகிய கை 2018க்குப் பிறகு கண்டி, கொழும்பு என்று எல்லா இடத்துக்கும் நீண்டது. நாடு முழுவதற்கும் இணையத்தை ஒரேயடியாக இன்னும் அணைக்கவில்லை என்பது உண்மை. அந்தக் குறையும் எதற்கு என்று உங்கள் கட்டுரையாளர் கேட்கிறார்.

நிறுத்தும் அதிகாரம் யார் கையில் இருக்கிறது என்று அந்த நீண்ட கட்டுரையில் ஒரு பந்தியாவது உண்டா? வெள்ளைக்காரன் போவதற்கு முன் 1947இல் போட்ட பொதுமக்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம், 1991இன் தொலைத்தொடர்புச் சட்டம், இரண்டையும் வைத்துக்கொண்டு ஜனாதிபதியோ ஒரு அமைச்சரோ சில அதிகாரிகளோடு இரவோடு இரவாக முடிவெடுக்கலாம். காலையில் எழும்பி வட்ஸ்அப் சுற்றும்போது நாம் தெரிந்துகொள்ளலாம். எந்த நீதவானிடம் கேட்டார்கள்? எத்தனை மணிக்கு முடியும்? கேட்க ஆளில்லை. இது போதாதென்று 2024 ஜனவரி 24ஆம் திகதி இணையத்தில் எழுதுவதைக் கட்டுப்படுத்தும் நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தைப் பாராளுமன்றத்தில் 108க்கு 62 என்று நிறைவேற்றினார்கள். எது பொய் என்று தீர்மானிக்க ஐந்து பேர் கொண்ட ஆணைக்குழுவாம். எங்கள் சொந்தத்துக்குள் காணிப் பிரச்சினையில் எது பொய் என்று தீர்மானிக்கவே நீதிமன்றத்துக்கு இருபது வருடம் பிடித்தது. இன்று பதவியில் இருப்பவர்கள் அன்றைக்கு அந்தச் சட்டத்தை எதிர்த்தார்கள், அவர்கள் அப்படிச் செய்ய மாட்டார்கள் என்கிறார் கடைக்கு வரும் ஒரு நண்பர். நல்லது. அடுத்து வருகிறவர்?

இந்தியாவைப் பாருங்கள் என்று கட்டுரையாளர் உதாரணம் காட்டுகிறார். பார்ப்போம். காஷ்மீரில் 2019 ஆகஸ்டில் நிறுத்தினார்கள், 4ஜி திரும்பி வர 2021 பெப்ரவரி ஆனது. இவருடைய இரண்டு நாள் அங்கே ஒன்றரை வருடம். அதை எதிர்த்து இந்திய உச்ச நீதிமன்றத்துக்குப் போனவர் அனுராதா பாசின். காஷ்மீர் டைம்ஸின் ஆசிரியர், உங்களைப் போல ஒரு பத்திரிகை ஆசிரியர். இணையமும் இல்லாமல் போனும் இல்லாமல் பத்திரிகை நடத்த முடியாது என்பதுதான் அவர் வழக்கு. 2020 ஜனவரி 10ஆம் திகதித் தீர்ப்பில், காலவரையறை இல்லாமல் நிறுத்தக்கூடாது, உத்தரவைப் பகிரங்கமாக வெளியிட வேண்டும் என்றது நீதிமன்றம். அங்கே ஒரு ஆசிரியர் நீதிமன்றப் படி ஏறுகிறார். இங்கே ஒரு ஆசிரியர் நடுப்பக்கம் ஒதுக்கிக் கொடுக்கிறார். மன்னிக்க வேண்டும், வேறு விதமாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

2024 ஜூலையில் பங்களாதேஷில் மாணவர்கள் தெருவுக்கு வந்ததும் முழு இணையத்தையும் அணைத்தார்கள். ஓகஸ்ட் 5ஆம் திகதி ஷேக் ஹசீனா நாட்டை விட்டே போனார். 2025 செப்டெம்பரில் நேபாளத்தில் 26 தளங்களைத் தடைசெய்தார்கள். ஒரு வாரத்துக்குள் பிரதமர் கே.பி. சர்மா ஒலி பதவியில் இல்லை. அணைத்தவர்களுக்கும் அது நன்மை செய்யவில்லை. அதற்குள் எத்தனை பிள்ளைகள் சுடப்பட்டுச் செத்தார்கள் என்பதைக் கட்டுரையாளருக்கு யாராவது எடுத்துச் சொல்லுங்கள்.

அந்த இரண்டு நாள் என் கடையில் எப்படிப் போகும் என்பதையும் சொல்கிறேன். ரீலோட் போட முடியாது. பக்கத்துக் கடையில் கியூஆரில் காசு வாங்க முடியாது. வெளிநாட்டிலிருந்து பணம் வந்ததா என்று பார்க்க முடியாது. 2025 நவம்பரில் டித்வா புயல் மலையகத்தைப் புரட்டியபோது கோபுரங்கள் செயலிழந்தன. வத்தேகமப் பக்கத்துச் சொந்தக்காரருக்கு லைன் கிடைக்காமல் என் கடையிலேயே ஒருவர் மாறி மாறி டயல் பண்ணிக்கொண்டிருந்தார். அது இயற்கை செய்தது, யாரையும் திட்ட முடியாது. அதையே வேண்டுமென்று செய்யலாம் என்கிறார் உங்கள் ஆள்.

கடைசியாக உங்கள் காரியாலயத்தைப் பற்றி. இந்த விஷயத்தை நேரில் சொல்லலாம் என்று பத்திரிகையில் போட்டிருக்கும் இலக்கத்துக்கு எடுத்தேன். ஒரு பெண் குரல் ரெக்கோர்டிங்கில், வாசகர் கடிதங்களை வட்ஸ்அப்பில் அல்லது மின்னஞ்சலில் மட்டும் அனுப்பும்படி மூன்று மொழியிலும் சொன்னது. இணையம் இல்லாமல் இரண்டு நாள் இருக்கலாம் என்று எழுதுகிற பத்திரிகைக்கு, வாசகன் ஒரு கடிதம் அனுப்பவும் இணையம் வேண்டும்! மரண அறிவித்தலுக்கும் இப்போது அப்படித்தானாம். நான் பிடிவாதமாகத் தபாலில் அனுப்புகிறேன். முன்பு ஒருமுறை குப்பை அள்ளுவது பற்றித் தபாலில் எழுதியதை நீங்கள் போடவில்லை, அதை இப்போது கிளற விரும்பவில்லை.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. தபாலில் வரும் கடிதங்களையும் ஏற்றுக்கொள்வோம் என்று நாலாம் பக்கத்தில் பழையபடி ஒரு வரி போடுங்கள். அந்த இலக்கத்துக்கு யாராவது ஒருவரைத் தொலைபேசி எடுக்க வையுங்கள். மரண அறிவித்தல் கொடுக்க என் கடைக்கு வருகிறவர்களுக்கு நான் அந்த இலக்கத்தைத்தான் எழுதிக் கொடுக்கிறேன்.

இப்படிக்கு,
கொமினிகேஷன் கடைக்காரர் ஒருவர்,
கொட்டாஞ்சேனை, கொழும்பு 13.