திருப்பூருக்கு ஜோசியம் சொல்பவர்கள் கவனத்துக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2025 தீபாவளி முடிந்த வாரம் தங்கள் நாளிதழில் திருப்பூரின் எதிர்காலம் பற்றி முக்கால் பக்கத்துக்கு வந்த கட்டுரையைப் படித்தேன். ஏற்றுமதியாளர்கள் பேசியிருந்தார்கள், பொருளாதாரம் படித்தவர்கள் பேசியிருந்தார்கள். தைக்கிறவர்கள் ஒருவரும் பேசவில்லை. அந்தக் குறைக்குத்தான் இந்தக் கடிதம்.

பி.என். ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில் நானும் என் வீட்டுக்காரரும் 16 மிஷின் போட்டு பவர்டேபிள் நடத்துகிறோம். வெளியூர்க்காரர்களுக்குப் புரியும்படி சொன்னால், கம்பெனிகள் வெட்டிக் கொடுக்கும் துணியைப் பீசுக்கு இவ்வளவு என்று கூலிக்குத் தைத்துக் கொடுக்கிற பட்டறை. ஓவர்லாக், பேட்லாக், சிங்கர் என்று மூன்று வகைத் தையல் மிஷினும் உண்டு. ஏற்றுமதிக்கும் தைப்போம், ஆர்டர் இல்லாத மாதங்களில் உள்ளூர் மொத்த வியாபாரம் நடக்கும் காதர்பேட்டைக் கடைகளுக்கு ஜட்டி, டிராயரும் தைப்போம். வேடசந்தூர் பக்கத்திலிருந்து கல்யாணமாகி 1996இல் இங்கே வந்தவள் நான். முதலில் செக்கிங் வேலை, பிறகு டெய்லர், அப்புறம்தான் இந்தச் சொந்தப் பட்டறை.

வந்த நாளிலிருந்து இந்த ஊருக்கு யாராவது ஒருவர் ஜோசியம் சொல்லிக்கொண்டேதான் இருக்கிறார். எந்த நாடு எவ்வளவு ஏற்றுமதி செய்யலாம் என்று அளவு வைத்த ஜவுளி கோட்டா முறை 2004 முடிவோடு உலக அளவில் போகிறது என்றபோது, சீனா நம்மை விழுங்கிவிடும் என்றார்கள். 2008இல் அமெரிக்காவில் வங்கிகள் கவிழ்ந்தபோதும், 2016இல் நோட்டு செல்லாமல் போனபோதும், 2022 மே மாதம் நூல் விலையைக் கண்டித்து ஊரே கடையடைத்தபோதும் அதே பேச்சு: "திருப்பூர் முடிஞ்சுது." நல்லகால ஜோசியமும் வரும். 2024 ஆகஸ்டில் வங்கதேசத்தில் ஆட்சி கவிழ்ந்ததும் அங்கேயிருக்கும் ஆர்டரெல்லாம் நமக்குத்தான் என்று டீக்கடையில்கூடக் கணக்குப் போட்டார்கள். சரியாக ஒரு வருஷம். 2025 ஆகஸ்ட் 27இல் அமெரிக்கா நம் நாட்டுச் சரக்குக்கு 50 சதவீத வரியை அமல்படுத்தியது. அதே டீக்கடை, அதே ஆட்கள், இப்போது ஊரை விற்றுவிட்டுப் போவதைப் பற்றிப் பேசுகிறார்கள்.

வரியின் பாதிப்பு பொய்யென்று சொல்லவில்லை. நம் ஏற்றுமதியில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு அமெரிக்காவுக்குத்தான் போகிறது. செப்டம்பரில் எங்களுக்குக் கொடுத்த கட்டிங் பீசைத் தைக்க வேண்டாமென்று ஒரு கம்பெனி பாதியில் திருப்பி எடுத்துக்கொண்டது. தைத்த பாதிக்குக் கூலி இன்னும் வரவில்லை. கேட்டால், "பையரே பணம் போடலீங்க, நாங்க எங்க போறது?" என்கிறார்கள். அதுவும் உண்மையாக இருக்கலாம். ஆனால் சனிக்கிழமை சாயங்காலம் ஆனால் என் டெய்லர்களுக்கு வாரச் சம்பளம் கொடுத்தாக வேண்டும். அவர்களிடம் நான் அமெரிக்காவைக் காட்ட முடியாது.

எனக்குக் கட்டுரையோடு உள்ள சண்டை வேறு. ஏற்றுமதித் தொகையை வைத்துத்தான் இந்த ஊர் வாழுமா வீழுமா என்று அது பார்க்கிறது. ஆண்டுக்கு 40,000 கோடி ரூபாயை ஒட்டி நடக்கும் வியாபாரம் குறைந்தால் அழிவு. 2030க்குள் ஒரு லட்சம் கோடி என்ற இலக்கைத் தொட்டால் வாழ்வு. அந்தத் தொகை ஏறிக்கொண்டே போகலாம், அதே சமயம் இந்தச் சந்து காலியாகவும் ஆகலாம். இரண்டும் ஒன்றாக நடக்கும் என்பதை நாங்கள் ஏற்கெனவே பார்த்திருக்கிறோம்.

2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்ற உத்தரவால் 700க்கும் மேற்பட்ட சாய, சலவைப் பட்டறைகள் மூடப்பட்டன. உத்தரவு வந்ததில் தப்பில்லை. நொய்யலில் சாயத்தைக் கொட்டி, பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையைச் சாயக்குட்டையாக ஆக்கி வைத்திருந்தோம். வழக்குப் போட்ட விவசாயிகள் பக்கம்தான் நியாயம். ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியே போகக் கூடாது என்று ஆனது. சவ்வூடு வடிகட்டி, மிஞ்சும் உப்புநீரைக் காய்ச்சி, தண்ணீரையும் உப்பையும் திரும்ப எடுத்து உபயோகிக்கும் ஏற்பாடு வந்தது. சுத்திகரிப்பு நிலையங்களுக்கு அரசு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் கொடுத்தது. ஏற்றுமதி மீண்டது, முன்னைவிடக் கூடியது. இன்றைக்கு வெளிநாட்டு வியாபாரிகளிடம் இதைத்தான் பெருமையாகக் காட்டுகிறோம், காட்டவும் வேண்டும்.

ஆனால் மூடிய எல்லோரும் திரும்பத் திறக்கவில்லை. பெரிய பட்டறைக்காரர்கள் அந்தச் செலவைத் தாங்கினார்கள். இரண்டு மூன்று தொட்டி வைத்துப் பிழைத்தவர்களுக்கு முடியவில்லை. வீரபாண்டிப் பக்கம் சொந்தமாகச் சாயப்பட்டறை வைத்திருந்த எங்கள் உறவுக்காரர் ஒருவர் இப்போது வேறொருவர் பட்டறையில் சூப்பர்வைசர். 2011இல் "திருப்பூர் முடிஞ்சுது" என்றது பொய்த்துப் போனது. அவரைப் பொறுத்தவரை அது பலித்துவிட்டது.

கோவை பக்கத்தில்தான் இருக்கிறது, அங்கேயும் பாருங்கள். பங்கஜா மில், முருகன் மில் என்று அரசு நடத்திய மில்கள் 2020 ஊரடங்கில் மூடியவை மூடியபடியே கிடக்கின்றன. கோவை அழிந்துவிட்டதா? ஆஸ்பத்திரியும் ஐ.டி. கம்பெனியும் மேம்பாலமுமாக வளர்ந்துகொண்டுதான் இருக்கிறது. மில் தொழிலாளிக்கு அந்த வளர்ச்சியில் என்ன கிடைத்தது என்பது வேறு கேள்வி.

ஆகையால் என் ஜோசியத்தையும் எழுதி வைக்கிறேன். பத்து வருஷம் கழித்துச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். வரி குறையும் அல்லது பழகிப்போகும்; 2025 ஜூலையில் கையெழுத்தான பிரிட்டன் ஒப்பந்தம் போல வேறு வாசல்களும் திறக்கும். பருத்தியை மட்டுமே நம்பியிருந்தவர்கள் பாலியெஸ்டர் துணிக்கும் மாறுவார்கள். பெரிய கம்பெனிகள் நன்றாகவே இருக்கும். ஆனால் அவர்களுடைய தையல் இங்கே இருக்காது. ஆள் கிடைக்கிற இடத்துக்கே போய் யூனிட் போடுவது ஏற்கெனவே ஆரம்பித்துவிட்டது, தென் மாவட்டங்களிலும் ஒடிசா மாதிரி மாநிலங்களிலும். திருப்பூரில் சாயமும், சாம்பிளும், அவசர ஆர்டரும், ஏ.சி. போட்ட ஆபீசும் மிஞ்சும். பவர்டேபிள் சந்துகள் குடோன்களாகும். என் ஜோசியம் தப்பிப் போனால் என்னைவிடச் சந்தோஷப்படுகிறவர் இருக்க மாட்டார்.

அது தப்ப வேண்டுமானால் எதைப் பார்க்க வேண்டும்? என் பட்டறையில் ஒடிசாவிலிருந்து வந்த ஒரு தம்பதி வேலை செய்கிறார்கள். அவர் பேட்லாக் டெய்லர், அந்தப் பெண் கைமடி, அதாவது டெய்லருக்கு உதவியாள். ஆரம்பத்தில் தீபாவளிக்குப் போனால் திரும்பி வருவார்களா என்று பொங்கல் வரைக்கும் எனக்கு வயிற்றைக் கலக்கும். மகளை இங்கே மாநகராட்சிப் பள்ளியில் சேர்த்த பிறகு அந்தப் பயம் போயிற்று. அரைப்பரீட்சை இருக்கிறதே, எப்படிப் போவது என்று அவர்களே சொல்கிறார்கள். அந்தப் பெண் குழந்தைதான் இப்போது அப்பா அம்மாவுக்கு ரேஷன் கடை போர்டைப் படித்துச் சொல்கிறாள். ஆனால் மூன்று பேரும் இருப்பது லைன் வீட்டில் ஒற்றை அறை. பத்து வீட்டுக்கு இரண்டு கக்கூஸ். நான் வேடசந்தூரிலிருந்து வந்தபோது இருந்த அதே மாதிரி அறைதான், வாடகை மட்டும் ஏறியிருக்கிறது. ஆள் இல்லை, ஆள் இல்லை என்று புலம்பும் ஊர் இத்தனை வருஷத்தில் அவர்களுக்கு ஒழுங்கான வீடு கட்டித் தர யோசித்ததே குறைவு. ஹாஸ்டல் கட்டுகிறார்கள், சரி. குடும்பமாக இருக்கிறவர்கள் ஹாஸ்டலில் எப்படி இருப்பார்கள்? ஊரில் தங்கப்போவது குடும்பங்கள்தானே.

இரண்டாவது, கூலிப் பணம். சிறு தொழில்களுக்கு 45 நாளில் பணம் கொடுக்காவிட்டால் கொடுக்காத கம்பெனி அந்தச் செலவை அந்த வருஷ வரிக் கணக்கில் கழிக்க முடியாது என்று வருமான வரிச் சட்டத்தில் விதி வந்திருக்கிறது. நல்ல விதிதான். எங்கள் சந்தில் அதைச் சொல்லிக் காசு கேட்டவருக்கு அடுத்த லாட் வரவில்லை, அவ்வளவுதான். மிஷின் ஓடினாலும் ஓடாவிட்டாலும் கரண்டுக்கு நிலைக் கட்டணம் கட்டுகிறோம். 2022 செப்டம்பர் உயர்வுக்குப் பிறகு அது உறுத்துகிற தொகை. ஆர்டர் இல்லாத இரண்டு மாதத்தைத் தாண்டுவதற்கு எங்களுக்குக் கையில் எதுவுமில்லை. கம்பெனிக்கு வங்கி அவகாசம் தரும். எங்களுக்கு நகைக்கடன்.

தங்கள் நிருபருக்கு ஒரு வேலை சொல்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். ஏற்றுமதிப் புள்ளிவிவரத்தை மாதாமாதம் போடுகிறீர்கள். அதோடு, இந்த மாதம் திருப்பூரில் எத்தனை த்ரீ பேஸ் இணைப்புகளைத் திருப்பி ஒப்படைத்தார்கள், எத்தனை புதிதாக வாங்கினார்கள் என்று மின்வாரியத்தில் கேட்டுப் போடுங்கள். ஜூன் மாதம் மாநகராட்சிப் பள்ளிகளில் சேர்ந்த வெளிமாநிலப் பிள்ளைகள் எத்தனை பேர், நடு வருஷத்தில் டி.சி. வாங்கியவர்கள் எத்தனை பேர் என்றும் கேளுங்கள். தகவல் அறியும் சட்டத்தில் ஒரு மனு போட்டாலே போதும். நேரில் எங்கள் சந்துக்கு வருவதானால் செவ்வாய், புதன் வாருங்கள். சனிக்கிழமை வந்தால் யாருக்கும் பேச நேரமிருக்காது.

இப்படிக்கு,
பவர்டேபிள் நடத்தும் வாசகி,
பி.என். ரோடு, திருப்பூர்.