இரண்டு நாள்

அக்கா,

மின்னஞ்சலுக்குப் பதில் இல்லை, அதனால் இங்கே எழுதுகிறேன். நாளை ஆய்வேட்டைக் கொடுக்கிறேன். எண்ணுச்சொற்களின் பொருளைப் பற்றிய மூன்றாம் இயல் உங்களுக்குப் பிடிக்காது.

நூலகத்தில் ஒரு சாயங்காலம், பழைய தாளின் பின்பக்கத்தில் "மூன்று பேர் வந்தார்கள்" என்று பென்சிலால் எழுதி, நான்கு பேர் வந்திருந்தால் இது பொய்யா என்று கேட்டீர்கள். பொய்தான் என்றேன். அதற்குப் பக்கத்திலேயே "சொல்லப்போனால் நான்கு பேர் வந்தார்கள்" என்று சேர்த்து எழுதி, இதில் முரண் எங்கே, காட்டு என்றீர்கள். காட்ட முடியவில்லை, உடம்பெல்லாம் சிலிர்த்தது. 'மூன்று' என்ற சொல்லின் பொருள் 'குறைந்தது மூன்று'தான், 'சரியாக மூன்று' என்பது கேட்பவர் ஊகித்துக்கொள்வது, 1972-ல் மொழியியலாளர் லாரன்ஸ் ஹார்ன் சொன்னது என்றீர்கள். நான் அப்படியே நம்பினேன்.

அப்புறம்தான் மற்ற வாக்கியங்கள் கண்ணில் பட்டன. "இந்த அறையில் மூன்று பேர் தங்கலாம்" என்றால் அதிகபட்சம் மூன்று. "மூன்று ஒரு பகா எண்" என்றால் அங்கே எண்ணுவதற்கு ஆளே இல்லை, எண்ணைப் பற்றியே பேச்சு. மூன்று குதிரையும் வேலியைத் தாண்டியதைப் பார்த்த ஐந்து வயதுக் குழந்தைகள் 'சில குதிரைகள் தாண்டின' என்பதை ஏற்றார்கள், 'இரண்டு குதிரைகள்' என்பதைப் பெரும்பாலும் ஏற்கவில்லை (பாப்பஃப்ராகூ, முசோலினோ, 2003). 'குறைந்தது இரண்டு' என்பதுதான் பொருள் என்றால் அதையும் ஏற்றிருக்க வேண்டுமே. ஹார்னே 1992-ல் மனம் மாறினார், நீங்கள் மாறவில்லை. 'சரியாக' என்பதை அடிப்படையாக வைத்து 'குறைந்தது' என்பதை அதிலிருந்து வருவிக்கும், மொழியியலாளர் பார்ட் கெர்ட்ஸின் 2006 வழியில்தான் என் இயல் போகிறது. 'குறைந்தது' வேண்டுமென்றால் 'மூன்று பேராவது' என்று சொல்லத் தமிழில் தனியாக ஓர் ஒட்டே இருக்கிறதே, அக்கா.

"இரண்டு நாள் தாருங்கள்" என்று நம் கட்டுரைக்காகக் கேட்டது நான்தான். பதினோரு நாள் ஆக்கியதும் நான்தான், மன்னித்துவிடுங்கள். வீட்டில் நிலைமை அப்படி. ஆனால் வாழ்நாளெல்லாம் 'குறைந்தது இரண்டு' என்று வாதாடியவர், அன்றைக்கு மட்டும் ஏன் சரியாக இரண்டு என்று பிடித்துக்கொண்டு, மூன்றாம் நாள் காலையிலேயே தனியாக அனுப்பிவிட்டீர்கள்? அதன் பிறகு நடந்ததை இங்கே எழுத மாட்டேன், நாலு பேர் படிக்கிற இடம்.

நன்றியுரையில் முதல் பெயர் உங்களுடையது. அந்தப் பென்சில் தாள் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது, முகவரி சொன்னால் அனுப்பிவைக்கிறேன்.