அணை மீனவர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். இரண்டு பரிசலுக்கு அடி மாற்றினோம், வலை நூல் வாங்கினோம். அவ்வளவுதான். இந்த வருடம் பேச வேண்டியது மீனைப் பற்றி.

பாலக்காட்டு மீன்கரை அணையில் நம் அப்பாமார் பிடித்தது கெண்டை, கெளுத்தி, ஆரால், விரால். இப்போது வலையை உதறினால் முதலில் கொட்டுவது ஜிலேபி மீன். ஆப்பிரிக்காக்காரன், 1952இல் இலங்கை வழியாக இந்தியாவுக்குள் வந்தவன். கட்லா, ரோகு, மிர்கால் மூன்றும் கங்கைப் பக்கத்து மீன்கள். இவற்றைப் பிடித்து விற்றுத்தான் நம் வீட்டில் அடுப்பு எரிகிறது. அதனால் வந்தேறி மீன் என்றாலே திட்டுகிற ஆள் நானில்லை.

ஆனால் எல்லா வந்தேறியும் ஒன்றல்ல. கட்லாவும் ரோகுவும் தேங்கின தண்ணீரில் பெரும்பாலும் இனம் பெருக்காது. வருடாவருடம் குஞ்சு விட்டால்தான் உண்டு. ஜிலேபிக்கு அந்தக் கவலை கிடையாது. ஆண் தரையில் குழி பறிக்கும், தாய் முட்டையை வாயிலேயே வைத்துக் காக்கும், வருடத்தில் பல ஈடு போடும். நம் கெண்டையோ இடவப்பாதி மழைக்கு, அதாவது தென்மேற்குப் பருவமழைக்குக் காத்திருந்து ஓடையேறி முட்டையிடுவது. சினையோடு இப்படி ஏறுகிற மீனைப் பிடிப்பதற்குத்தான் ஊத்த என்று பெயர். அந்த மீனை ஊத்த பிடிக்கிறேன் என்று நாமே மடக்கினால் ஜிலேபியைக் குறை சொல்லி என்ன பயன்? சட்டமும் தடுக்கிறது. இந்த மழைக்கு இரண்டு உறுப்பினர்களைச் செயற்குழு கூப்பிட்டுப் பேசியது. பெயர் சொல்லவில்லை, இங்கேதான் உட்கார்ந்திருக்கிறார்கள்.

என்னைத் தூங்கவிடாதது ஆப்பிரிக்கன் முஷி என்கிற வெளிநாட்டுக் கெளுத்தி. செப்டம்பரில் ஒன்று வலையைக் கிழித்துக்கொண்டு வந்தது. கரையில் போட்டு அறுத்தோம். வயிற்றுக்குள் விரல் நீள ஆரால் ஒன்று, பாதி கரைந்த கெண்டைகள், அப்புறம் ஒரு நண்டுக்கால். இந்த முஷி வெளிக்காற்றையும் சுவாசிக்கும், ஈரத்தரையில் ஊர்ந்தும் போகும். 2000இலேயே மத்திய அரசு தடை போட்ட மீன் இது. யாரோ குட்டையில் ரகசியமாக வளர்த்து, மழையில் கரை உடைந்திருக்கும் என்பது என் ஊகம். வலையில் விழுந்தால் திரும்பத் தண்ணீரில் விடக் கூடாது என்று செயற்குழுவில் முடிவு செய்தோம்.

அடுத்த முறை குஞ்சு விடும்போது நாட்டுக் கெண்டையும் விராலும் சேர்த்து விடக் கேட்டு மனு எழுதினோம். தமிழில் எழுதி மலையாளத்துக்கு மாற்றுவதற்குள் ஒரு மாதம் ஓடிவிட்டது. கொடுத்தாயிற்று, பதில் இன்னும் வரவில்லை.

கூட்டம் முடிந்ததும் சாப்பாடு உண்டு. ஜிலேபிக் குழம்பு.

செயலாளர்