கொடைக்கானல் குளிருக்குப் பெரிய ஜெட் வேண்டாம்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். மார்கழி பிறக்கப் போகிறது. பாளையங்கோட்டை பட்டறை வாசலில் இப்போதே ஆர்எக்ஸ் 100, ஆர்எக்ஸ் 135, பழைய யெஸ்டி என்று ஏழெட்டு வண்டி நிற்கிறது. வருகிறவர்கள் எல்லாரும் சொல்லி வைத்தாற்போல ஒன்றையே கேட்கிறார்கள். "அண்ணாச்சி, கொடைக்கானல் போறோம். குளிருக்கு மெயின் ஜெட்டைப் பெருசாக்கி விடுங்க." காற்றோடு பெட்ரோலைக் கலக்கும் கார்ப்பரேட்டருக்குள், பெட்ரோல் பாய்கிற சின்ன ஓட்டைத் திருகுதான் மெயின் ஜெட். ஓட்டை பெரிதானால் பெட்ரோல் கூடும். போன மார்கழியில் நாலு பேருக்கு நாங்களும் மறுபேச்சுப் பேசாமல் மாட்டிக் கொடுத்தோம். அவர்களில் மூன்று பேர் பெருமாள்மலைக்கு மேலே ஏற ஏற, வண்டியை நிறுத்திப் பிளக்கைக் கழற்றித் துடைத்துத் துடைத்துத்தான் ஊர் போய்ச் சேர்ந்திருக்கிறார்கள். தப்பு எங்களுடையது. அதனால்தான் இந்த மடல்.

இந்த யோசனை எங்கிருந்து வருகிறது என்று விசாரித்தோம். உறைந்த ஏரிமேல் நாலு சக்கர டூ ஸ்ட்ரோக் வண்டிகள் பந்தயம் ஓடுகிற வீடியோக்களைப் பையன்கள் பார்க்கிறார்கள். அதில் ஒருத்தர் பனிக்கட்டி மேல் மண்டிபோட்டு, கார்ப்பரேட்டரைத் திறந்து, "குளிருக்குப் பெரிய ஜெட்" என்கிறார். அவர் சொல்வது சரிதான். அவர் ஊருக்குச் சரி.

தச்சநல்லூரிலிருந்து போய் அமெரிக்காவின் மினசோட்டாவில் வேலை பார்க்கிற நம் வாடிக்கையாளர் ஒருவர் போன வருஷம் அப்படியொரு நாலு சக்கர வண்டியை, யமஹா பான்ஷியை, பழையதாக வாங்கினார். நம்ம ஊர்ப் பெரியவர்களுக்கு அந்த எஞ்சினை அறிமுகம் செய்வது சுலபம். ராஜ்தூத் 350 ஞாபகம் இருக்கிறதா? அதே 64 மில்லிமீட்டர் போர் (சிலிண்டர் அகலம்), 54 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்), 347 சிசி, இரட்டை சிலிண்டர். ராஜ்தூத் காற்றில் ஆறும். பான்ஷிக்கு ரேடியேட்டர் உண்டு. அவ்வளவுதான் பெரிய வித்தியாசம். அந்தச் சத்தத்தைக் கேட்டு வளர்ந்த பையன் அங்கே போயும் அதையே தேடிப் பிடித்ததில் ஆச்சரியமில்லை.

ஜனவரியில் ஒரு நாள் ராத்திரி போன் பண்ணினார். வெளியே பூஜ்யத்துக்குக் கீழே 20 டிகிரி. வண்டியை ஸ்டார்ட் செய்து, ஒரு நிமிஷம் உறுமவிட்டு, முழு ஆக்சிலேட்டரில் ஏரிக்குள் விட்டிருக்கிறார். இருநூறு அடி போவதற்குள் ஒரு பக்கத்துப் பிஸ்டன் சீஸ், அதாவது சிலிண்டருக்குள் இறுகி நின்றுவிட்டது. போட்டோ அனுப்பினார். பிஸ்டனைச் சுற்றி நாலு இடத்தில் மேலிருந்து கீழாகக் கோடு கோடாக உரசியிருந்தது. தலையில் ஓட்டை இல்லை, எக்ஸாஸ்ட் பக்கம் உருகவும் இல்லை. பார்த்ததுமே சொல்லிவிட்டோம், இது முதலில் ஜெட் சமாச்சாரம் இல்லை, சூடேறாமல் ஓட்டின சமாச்சாரம் என்று. பிஸ்டன் அலுமினியம், சிலிண்டர் ஸ்லீவ் வார்ப்பிரும்பு. ஒரே சூட்டுக்கு அலுமினியம் இரும்பைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். அதிலும் தீ படுவது முதலில் பிஸ்டன்மேல். சிலிண்டரைச் சுற்றியோ ஐஸ் போலக் குளிர்ந்த ரேடியேட்டர் திரவம். உள்ளே இருப்பது வீங்குகிறது, வெளியே இருப்பது வீங்கவில்லை. பிடித்துக்கொள்ளாமல் என்ன செய்யும்?

சிலிண்டர் கைக்குச் சூடு தெரியும்வரை ஐட்லிங்கிலும் லேசான ஆக்சிலேட்டரிலும் விட்டுவிட்டு ஓடட்டும், ரேடியேட்டர் முன்னால் அட்டை வைத்துப் பாதி மறையுங்கள் என்றோம். ரேடியேட்டரில் வெறும் தண்ணீர் கூடவே கூடாது. தண்ணீர் உறைந்தால் சுமார் 9 சதவீதம் பெருக்கும், பிளாக்கையே பிளக்கும். பாதிக்குப் பாதி கிளைக்கால் கூலண்ட் ஊற்றினால் பூஜ்யத்துக்குக் கீழே 35 டிகிரி வரை தாங்கும்.

ஜெட்டுக்கு வருவோம். நம்ம ஊர் 30 டிகிரிக் காற்றையும் அந்த ஊர்ப் பூஜ்யத்துக்குக் கீழ் 20 டிகிரிக் காற்றையும் ஒரே அளவுப் படியில் அளந்தால், அங்கத்திய காற்று ஐந்தில் ஒரு பங்கு கூடுதல் கனம். எஞ்சின் ஒவ்வொரு முறை இழுக்கும்போதும் அவ்வளவு ஆக்சிஜன் அதிகமாகப் போகிறது. கார்ப்பரேட்டர் அதற்காகக் கொஞ்சம் பெட்ரோலைக் கூட்டித் தரும், ஆனால் வேண்டிய அளவுக்குத் தராது. பெட்ரோல் குறைந்தால் சூடு ஏறும், பிளக் சுண்ணாம்பு மாதிரி வெளுக்கும், அடுத்தது பிஸ்டன்தான். அதனால் அங்கே மெயின் ஜெட்டை ஒவ்வொரு நம்பராகக் கூட்டி, பெட்ரோல் அளவைக் கட்டுப்படுத்தும் ஊசியின் (நீடில்) கிளிப்பை ஒரு காடி இறக்கி, பிளக் கருப்பட்டிக் காப்பி நிறத்துக்கு வரும்வரை பார்க்கச் சொன்னோம். பந்தயத்துக்கு இது இன்னும் முக்கியம். டயர் முழுக்க நூற்றுக்கணக்கில் ஸ்குரூ அடித்திருப்பார்கள், தலை வெளியே நீட்டிக்கொண்டு பனிக்கட்டியைக் கடிக்கும். வழுக்கும் என்று நாம் நினைப்போம். உண்மையில் செம்மண் தரையைவிட நன்றாகப் பிடிக்கும். அந்தப் பிடிப்பில் எஞ்சின் முழுச் சுமையில், முழு ஆக்சிலேட்டரில், மெயின் ஜெட்டை மட்டுமே நம்பி ஓடுகிறது.

பாதுகாப்புக்கு என்று நம் மினசோட்டாக்காரர் பெட்ரோலில் ஆயிலை அள்ளி ஊற்றியிருந்தார். இது நம்ம ஊரிலும் உள்ள பழக்கம். பெட்ரோலில் ஆயில் கூடினால், அதே ஜெட் வழியாகப் போகும் பெட்ரோல் குறைகிறது. காப்பாற்றப் போட்டதே வெளுக்க வைக்கும். அந்தக் குளிரில் சாதா ஆயில் தேன் மாதிரிக் கெட்டிப்படும் என்பதால், ஸ்னோமொபைலுக்கு விற்கிற ஆயிலை வீட்டுக்குள் வைத்தே கலந்து கொண்டுபோகச் சொன்னோம். எஞ்சினுக்குள் காற்று புகாமல் அடைக்கும் கிராங்க் சீலும் கார்ப்பரேட்டர் ரப்பரும் குளிரில் விறைத்து வெடிக்கும், அதையும் மாற்றினார். மற்றபடி சக்கரத்துக்கு மேல் தகடு, விழுந்தால் எஞ்சினை நிறுத்தும் கயிறு எல்லாம் வேண்டும் என்று பந்தயம் நடத்துகிறவர்களே கேட்பார்கள். மினசோட்டா அரசு இந்த மாதிரி வண்டிக்குச் சொல்கிற அளவு, தெளிந்த புதுப் பனிக்கட்டி 5 முதல் 7 அங்குலம். தாமிரபரணியில் முழங்கால் தண்ணீரில் வண்டி கழுவியவருக்கு, ஏரி நடுவில் நின்றுகொண்டு அங்குலக் கணக்குப் பார்ப்பது புது அனுபவம் என்று சிரித்தார்.

இனி கொடைக்கானல். கடல் மட்டத்திலிருந்து 2,133 மீட்டர். அங்கே காற்றழுத்தமே நம்ம ஊரில் இருப்பதில் முக்கால் பங்குக்குச் சற்று மேல்தான். குளிர் காற்றைக் கனமாக்குவது உண்மை. ஆனால் உயரம் எடுத்துக்கொண்டு போனதில் மூன்றில் ஒரு பங்கைக்கூடக் குளிர் திருப்பித் தருவதில்லை. நடுங்குகிற விடியற்காலையிலும் கொடைக்கானல் காற்று பாளையங்கோட்டைக் காற்றைவிட ஆறில் ஒரு பங்கு லேசு. அந்த லேசான காற்றுக்கு ஊர் ஜெட் தரும் பெட்ரோலே ஏற்கெனவே அதிகம். அதற்கு மேல் பெரிய ஜெட்டும் போட்டால் பிளக் கரி பிடிக்காமல் என்ன செய்யும்? மினசோட்டாவில் குளிர் மட்டும்தான் உண்டு, ஏறுவதற்கு இப்படி மலை கிடையாது. நம்ம பையன்கள் இரண்டையும் ஒன்றாக நினைத்துவிட்டார்கள். நாங்களும்தான்.

அப்படியென்றால் சின்ன ஜெட் போடலாமா என்று கேட்பீர்கள். மூன்று நாள் பயணத்துக்கு வேண்டாம். மேலே ஜம்மென்று இழுக்கும். இறங்கி வத்தலக்குண்டு வரும்போது காற்று மறுபடி கனமாகும், நாற்கரச் சாலையில் எண்பதில் பிடிக்கும்போது பிஸ்டன் போகும். ஊர் ஜெட்டிலேயே போங்கள். மேலே கொஞ்சம் சோம்பலாக இழுக்கும், கெடுதல் ஒன்றும் வராது. கையில் ஒரு நல்ல பிளக் வைத்துக்கொள்ளுங்கள்.

இறக்கத்தில் ஒரு விஷயம். ஆக்சிலேட்டரை முழுக்க மூடி கியரிலேயே மைல்கணக்கில் இறங்காதீர்கள். எஞ்சின் வேகமாகச் சுற்றும், உள்ளே போகும் ஆயிலோ சொட்டு. நாலைந்து வளைவுக்கு ஒருமுறை கிளட்சைப் பிடித்து லேசாக முறுக்குங்கள்.

உண்மையில் ஜெட்டைப் பெரிதாக்க வேண்டிய இடம் கொடைக்கானல் இல்லை, நம்ம பெட்ரோல் பங்க். இப்போது வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் தன்னிடமே ஆக்சிஜனை வைத்திருப்பதால், முப்பது வருஷத்துக்கு முந்திய ஜெட் அதற்குப் பற்றாது. இந்த வருஷம் திருநெல்வேலி வெயிலில் வெளுத்த பிளக்கோடு வந்த வண்டிகள்தான் எங்களைக் கவலைப்பட வைத்தன. பழைய பெட்ரோல் குழாய், டேப் வாஷர் எல்லாம் எத்தனாலில் ஊறிப் பிசுபிசுக்கும், அதையும் பார்க்க வேண்டும். பெட்ரோலிலேயே ஆயில் கலந்து ஓட்டுகிற டிவிஎஸ் எக்செல் சூப்பர்காரர்கள் இன்னும் கவனம். மழைக்காலத்தில் மாசக்கணக்கில் நிறுத்திய டேங்கில் எத்தனால் ஈரத்தைக் குடித்து அடியில் தனியாகத் தங்கும். அந்த அடித்தண்ணீரில் ஆயில் இருக்காது. எஞ்சின் முதலில் குடிப்பது அதைத்தான். பழைய பெட்ரோலை வடித்துவிட்டுக் கிக்கரை உதையுங்கள்.

மலைக்குப் போகிறவர்கள் கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்னால் வண்டியைக் கொண்டு வாருங்கள். நன்றாக ஓட்டிவிட்டு வந்து, ஐட்லிங்கில் விடாமல் வாசலிலேயே எஞ்சினை நிறுத்துங்கள். அப்போதுதான் பிளக் நிறம் பொய் சொல்லாது. பிளக் பார்க்கக் காசில்லை. ஜெட் மாற்றினால் கழற்றிய ஜெட்டைக் கவரில் போட்டு, நம்பர் எழுதிக் கையில் தருவோம். ஞாயிறு விடுமுறை.

போன வருஷம் பெரிய ஜெட் மாட்டிய நாலு பேரில் மூவர் வந்து பழையதை மாற்றிக்கொண்டார்கள். சிவப்பு ஆர்எக்ஸ் 135 வைத்திருக்கிற மேலப்பாளையத்து அண்ணாச்சி மட்டும் இன்னும் வரவில்லை. உங்கள் ஜெட் எங்கள் மேசை டிராயரில் பத்திரமாக இருக்கிறது, மாட்டுக்கூலி வேண்டாம்.

இப்படிக்கு,
பட்டறையில் இருந்து