ஆத்தாவோட இருமலும் பிரஷர் மாத்திரையும்

ஆசிரியருக்கு வணக்கம்.

போன மாசியில படைப்புக்காக, அதான் முன்னோருக்குப் படைச்சுக் கும்பிடுறதுக்காக, பள்ளத்தூர் வீட்டத் தொறந்தோம். ஒம்பது மாசமா பூட்டிக் கெடந்த வீடு, முகப்புலேர்ந்து ரெண்டாங்கட்டு வரைக்கும் ஒரே தூசி, வவ்வா எச்சம் வேற, அவசரத்துல தண்ணி கூட தெளிக்காம வெளக்கமாத்தப் போட்டுக் கூட்டிட்டோம், மறுநாளே சென்னைலேர்ந்து வந்த பிள்ளைக உட்பட பத்துப் பேருக்குத் தொண்டை கரகரப்பு, வறட்டு இருமல். அப்பத்தா காலத்துல மூக்குல துணியக் கட்டிக்கிட்டு ஈரம் தெளிச்சுத்தான் கூட்டுவாங்க, நமக்கு எங்க பொறுமை.

மெடிக்கலுக்குப் போனேன். யாருக்கு, எத்தனை நாளா, காய்ச்சல் இருக்கானு ஒரு கேள்வி இல்ல, ஆளுக்கு மூணு ஆன்டிபயாட்டிக் மாத்திரை வெட்டிக் குடுத்துட்டாங்க. அட்டையில செவப்புக் கோடு இருந்தா டாக்டர் சீட்டு இல்லாம விக்கவும் கூடாது வாங்கவும் கூடாதுன்னு அர்த்தமாம், அது எனக்கே அப்பத் தெரியாது. தூசியால வந்த இருமலுக்கும் சரி, வைரஸால வர்ற தொண்டவலிக்கும் சரி, அந்த மாத்திரையால ஒரு பிரயோஜனமும் இல்ல. இருமலே இல்லாம நல்ல காய்ச்சல், டான்சில்ல வெள்ளையா படிஞ்சிருக்கு, கழுத்துல நெறி கட்டியிருக்குன்னா அது பாக்டீரியாவா இருக்கலாம், அதுவும் பிள்ளைகளுக்குன்னா டாக்டர்ட்டக் காட்டியே ஆகணும், விட்டா சில பேருக்கு இதய வால்வு வரைக்கும் பாதிக்கும்.

எங்க வீட்ல உப்புத்தண்ணி கொப்புளிச்சு, பனங்கற்கண்டு போட்ட பாலக் குடிச்சு, எல்லாரும் பத்து நாள்ல சரியாயிட்டாங்க. ஆத்தா மட்டும் ஆகல. எழுபத்திநாலு வயசு, ராத்திரி படுத்தா இருமல், பேசினா இருமல், சளியும் இல்ல காய்ச்சலும் இல்ல. மூணு சிரப் மாத்தியாச்சு. அக்கம்பக்கத்துல டிபியா இருக்குமோன்னு காது படவே பேச ஆரம்பிச்சுட்டாங்க, ஒரு ஆச்சி வீட்டுக்கு வர்றதையே நிறுத்திட்டாங்க. ரெண்டு வாரத்துக்கு மேல இருமல் இருந்தா அரசு ஆஸ்பத்திரியில இலவசமாவே டெஸ்ட் பண்ணுவாங்க, நாங்க ரெண்டு மாசம் கழிச்சுத்தான் போனோம், அது எங்க தப்பு. எக்ஸ்ரே சுத்தமா இருந்துச்சு.

அங்க இருந்த சின்ன வயசு டாக்டரம்மா ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாங்க, "ஆச்சி, வேற என்ன மாத்திரை சாப்பிடுறீங்க?" ஆத்தா முந்தானையில முடிஞ்சு வச்சிருந்த அட்டைய எடுத்துக் காட்டுச்சு. எனலாப்ரில். படைப்புக்குக் கொஞ்சம் முன்னாடிதான் பிரஷருக்கு ஆரம்பிச்ச மாத்திரை, நாங்க எல்லாப் பழியையும் தூசி மேல போட்டுட்டோம். எனலாப்ரில், ராமிப்ரில் மாதிரி 'ப்ரில்'னு முடியுற மாத்திரைங்க சில பேருக்கு இப்படி வறட்டு இருமலக் குடுக்குமாம், ஆரம்பிச்சு வாரக்கணக்குல, மாசக்கணக்குல கழிச்சுக் கூட வருமாம். வேற மாத்திரை எழுதிக் குடுத்தாங்க, மூணு வாரத்துல இருமல் நின்னுருச்சு. இதப் படிச்சுட்டு யாரும் தானா பிரஷர் மாத்திரைய நிறுத்திராதீங்க, டாக்டர்ட்ட சொல்லி மாத்தணும்.

இதுல இன்னொரு கூத்து, அந்த ரெண்டு மாசமும் தெனம் ரெண்டு வேளை அதிமதுரக் கஷாயம் போட்டுக் குடுத்தோம். அளவுக்கு மிஞ்சினா அதுவே பிரஷர ஏத்துமாம்! நாட்டு மருந்து என்ன பண்ணிரப் போகுதுன்னு நெனச்சதுதான். தேனும் ஒரு வயசுக்குள்ள இருக்குற பிள்ளைக்கு நாக்குல கூட தடவக் கூடாது.

சிரப் விஷயத்துலயும் நாம இன்னும் திருந்தல. 2025 செப்டம்பர், அக்டோபர்ல மத்தியப் பிரதேசத்துல இருமல் மருந்து குடிச்சுப் பச்சப் பிள்ளைக செத்துச்சுகளே, அந்த மருந்து தயாரானது நம்ம காஞ்சிபுரம் மாவட்டத்துல. அதுக்கப்பறமும் ரெண்டு வயசுப் பிள்ளைக்கு கேட்டவொடனே சிரப் எடுத்துக் குடுக்குறாங்க, நானே பாத்தேன்.

மருந்து ஆய்வாளருங்க நம்ம ஊர்ப் பக்கமும் கொஞ்சம் எட்டிப் பாக்கணும். படைப்புக்கும் கல்யாணத்துக்கும் வீடு தொறக்குற மாசத்துல வந்தா, ஒரு நாள்ல எத்தனை அட்டை சீட்டு இல்லாம போகுதுன்னு அவங்களே எண்ணிக்கலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், பள்ளத்தூர்